ஆரல்வாய்மொழியிலிருந்து பைக்காரா வரை: ஒரு கரண்டுப் பயணம்

திங்கள், ஆரல்வாய்மொழி

நாகர்கோவிலில் இருந்து நண்பனின் பைக்கில் கிளம்பி, தோவாளை பூச்சந்தையைத் தாண்டியதுமே வண்டி நம் பேச்சைக் கேட்பதில்லை. ஆனிக்காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னால் போன லாரியின் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. "ஹெல்மெட்டப் பிடிச்சிக்க மக்கா" என்றான் நண்பன். அவனுக்குச் சிரிப்பு, எனக்குப் பயம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் ஒரு இடைவெளி. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். அரபிக்கடல் பக்கத்திலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, இந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் என்று இதே போல இன்னும் மூன்று வாசல்கள் உண்டு. தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெரும்பாலும் இந்த நான்கு வாசல்களுக்கு எதிரே நிற்கின்றன. முப்பந்தலைச் சுற்றி மட்டும் சுமார் 1,500 மெகாவாட்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தாமல் போகும் டிரைவர் குறைவு. நாங்களும் நிறுத்திக் கும்பிட்டோம். கோயிலுக்குப் பின்னால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காத்தாடிதான். உள்ளூரில் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை.

நண்பனின் சித்தப்பா பழைய 225 கிலோவாட் காத்தாடி ஒன்றில் ஆபரேட்டர். கோபுரத்தின் அடியில் ஒரு இரும்புக் கதவு. திறந்தால் உள்ளே கிரீஸ் வாடை, மேலே போகும் ஏணி, ஒரு கன்ட்ரோல் பெட்டி. பெட்டியின் சின்னத் திரையில் காற்று விநாடிக்கு 9 மீட்டர், உற்பத்தி நூறு கிலோவாட்டை ஒட்டி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று ஏறியது. 11 என்று காட்டியபோது உற்பத்தி 160-ஐத் தாண்டிவிட்டது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு என்று படித்திருக்கிறேன். அந்த எண்கள் குதிப்பதைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. முழுவதையும் பிடித்துவிடவும் முடியாது. எப்பேர்ப்பட்ட இறக்கை செய்தாலும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்.

"சித்தப்பா, இது யாரோடது?"

"திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்காரர். வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு, அம்மனைக் கும்பிட்டுட்டுப் போவாரு."

இங்கே நிற்பவற்றில் பாதிக்குக் கதை இப்படித்தான் இருக்கும். 1990-களில் காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? இங்கே காற்று கரண்டாகும். அவர்கள் மில்லின் கரண்டு பில்லில் அந்த யூனிட் கழியும். ஜூன், ஜூலையில் கூடுதலாக விளைந்ததை மின்வாரியத்திடம் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. பேங்கிங் என்பார்கள். "நெல்லக் குதிர்ல போட்டு வைக்கமாதிரிதாம்லே" என்றார் சித்தப்பா.

எனக்கு அங்கேதான் இடித்தது. குதிரில் நெல் இருக்கும். இங்கே வரவு வைத்த யூனிட் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஜூலையில் பிறந்த கரண்டு அந்த விநாடியே யார் வீட்டு மிக்சியிலோ தீர்ந்துவிட்டது. டிசம்பரில் மில்லுக்கு வருவது வேறு எங்கோ நிலக்கரி எரித்த கரண்டு. கணக்கு நோட்டில்தான் இது அதே யூனிட். இந்தப் பயணம் முழுக்க இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டுக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்று. நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கும் இடங்களில் ஒன்றில், முப்பது வருஷத்துக்கு முந்தைய குட்டி மெஷின்கள் உட்கார்ந்திருக்கின்றன. இன்று ஒரே காத்தாடி 3 மெகாவாட், அதாவது 3,000 கிலோவாட் தருகிறது. கோபுரம் 120, 140 மீட்டர். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நட அரசு 2024-ல் ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. ஆனால் பெரிய இறக்கைக்கு அதிக இடைவெளி வேண்டும். பக்கத்து நிலம் வேறு ஆளுடையது, அதில் வேறு ஆளின் காத்தாடி. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசினால்தான் ஒரு புதுக் காத்தாடி வரும். ஊரில் வாய்க்கால் வரப்புக்கே பத்துப் பேர் ஒன்றாக உட்காருவதில்லை.

செவ்வாய், விழிஞ்ஞம்

எல்லை தாண்டி, பாலராமபுரத்தில் பஸ் மாறி விழிஞ்ஞம். இன்று பேப்பரில் அடிபடுவது இங்குள்ள புதிய கப்பல் துறைமுகம். நான் வந்தது பழைய மீன்பிடித் துறைமுகத்துக்கு. 1991-ல் இங்கே கடல் அலையிலிருந்து கரண்டு எடுத்தார்கள். சென்னை ஐஐடி ஆட்கள் செய்தது. 150 கிலோவாட் மெஷின். உலகத்திலேயே அந்தக் காலத்தில் இப்படி முயன்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

செய்த விதம் அழகு. அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிக் கடலுக்குள் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியை இறக்கி உட்காரவைத்தார்கள். பெட்டிக்குக் கீழே வாய், மேலே ஒரு குழாய். அலை உள்ளே ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று அமுங்கி மேல் குழாய் வழியே சீறி வெளியேறும். அலை இறங்கும்போது வெளிக்காற்று அதே குழாய் வழியே உள்ளே இழுபடும். குழாயில் டர்பைன், அதாவது காற்று தள்ளினால் சுழலும் இறக்கைச் சக்கரம். சரி, காற்று ஒரு முறை மேலே போகிறது, ஒரு முறை கீழே வருகிறது. டர்பைனும் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தால் என்ன கரண்டு வரும்? பெல்ஃபாஸ்டில் ஆலன் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1970-களில் இதற்கு ஒரு இறக்கை கண்டுபிடித்தார். இரு பக்கமும் ஒரே வடிவம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். விழிஞ்ஞத்தில் வைத்தது அந்த வெல்ஸ் டர்பைன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அதொக்க எப்பவோ நின்னாச்சு" என்று கையை வீசினார். அலை எப்படி என்றேன். அதற்கு நன்றாகப் பதில் சொன்னார். இடவப்பாதியில் வரும் அலை வேறு, மகர மாசத்துக் கடல் வேறு. மகரத்தில் கடல் குளம் மாதிரி கிடக்கும் என்றார். பிரச்சினையே அதுதான். மழைக்காலத்து அலைக்குத் தாங்குகிற பலத்தில் கட்ட வேண்டும்; மீதி மாதமெல்லாம் அது அரை வயிற்றோடு ஓட வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் செலவு தனி. அதனால் இங்கே மட்டுமல்ல, உலகம் முழுக்க அலை மின்சாரம் இன்னும் பரிசோதனைக் கட்டத்தை விட்டு நகரவில்லை. ஆனாலும் இதைப் பார்க்கத்தான் எனக்கு அதிக ஆசை இருந்தது. அந்த டர்பைனை நினைத்தவருக்கு என்ன மூளை!

மதியம் ஊணு, நெய்மீன் வறுவல். திரும்பி வரும்போது களியக்காவிளையில் ஒரு மணி நேரம் டிராஃபிக்.

புதன், கயத்தாறு வழியாகத் தூத்துக்குடி

கயத்தாறு என்றால் நமக்குக் கட்டபொம்மன். 1799-ல் தூக்கிலிட்ட இடத்தில் மணிமண்டபம் இருக்கிறது. அதே ஊரில்தான் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இருக்கிறது. புது மாதிரிக் காத்தாடிகளை நிறுத்தி, சொன்ன அளவு உற்பத்தி வருகிறதா என்று அளப்பது அங்கே வேலை.

பைபாஸ் டீக்கடையில் ஒரு டிரெய்லர் நின்றது. அதன் மேல் ஒற்றை இறக்கை. அடியில் என் உயரத்துக்கு மேல் விட்டமுள்ள வட்டம், அதைச் சுற்றி போல்ட் துளைகள். நுனிக்குப் போய்ச் சேர நடந்தே ஆக வேண்டும். தொட்டுப் பார்த்தால் இரும்பு இல்லை, கண்ணாடி இழையும் பிசினும். உள்ளே காலி. தட்டினால் பானை மாதிரி சத்தம் வருகிறது. டிரெய்லரின் பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப இன்னொரு ஆள் நடந்தே வருவாராம், ஊருக்குள் வளைவு வந்தால். "ஒரு வேப்பமரக் கிளைக்காக மூணு மணி நேரம் நின்னுருக்கோம் சார்" என்றார் கிளீனர். தூத்துக்குடி துறைமுகம் வழியாக இந்த இறக்கைகள் வெளிநாட்டுக்கும் போகின்றன.

1986-ல் நாட்டின் முதல் மாதிரிக் காற்றாலைகளை நிறுத்திய மூன்று கடலோரப் பகுதிகளில் குஜராத்தின் ஓகா ஒன்று, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஒன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டம் ஒன்று. டென்மார்க்கிலிருந்து வந்த 55 கிலோவாட் மெஷின்கள். இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. வெகுகாலம் நாம்தான் முதலிடம். இப்போது குஜராத் முந்திவிட்டது.

தூத்துக்குடிக் கடலுக்கும் ஒரு கதை உண்டு, யாரும் அதிகம் பேசாதது. 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு அப்பால், ஆழ்கடலில், ஒரு மிதவையை நிறுத்தி 1 மெகாவாட் எடுக்க முயன்றார்கள். மேல்தண்ணீர் 28, 29 டிகிரி; ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 7, 8 டிகிரி. அந்தச் சூட்டு வித்தியாசத்தில் அம்மோனியாவைக் கொதிக்கவைத்து, டர்பைனைச் சுழற்றி, திரும்பக் குளிரவைப்பது திட்டம். ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவர ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய் வேண்டும். அந்தக் குழாயைக் கடல் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. அதே குளிர்நீர் வித்தையை வைத்து 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள், தினமும் ஒரு லட்சம் லிட்டர்.

அடுத்து கடலுக்குள்ளேயே காத்தாடி நடும் பேச்சு. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500. மன்னார் வளைகுடாப் பக்கம் படகு ஓட்டுகிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் கேள்வி, எங்கே வலை விடுவது என்பதுதான். நியாயமான கேள்வி.

வியாழன், கமுதி

சாயல்குடி வழியாகக் கமுதி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே கரிமூட்டத்துப் புகை. தென்மாவட்டங்களில் இந்த மரத்தை எரித்துக் கரண்டு எடுக்கும் ஆலைகளும் உண்டு. வெட்ட வெட்டத் துளிர்ப்பதால் அதையும் புதுப்பிக்கத்தக்கது என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் அது கொஞ்சம் ஒட்டாமல் நிற்பதாகவே படுகிறது.

செங்கப்படைப் பக்கம் கருவேலங்காடு திடீரென்று நின்று, நீலம் தொடங்குகிறது. 2016 செப்டம்பரில் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது. அதானி நிறுவனம் கட்டியது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். எட்டு மாதத்தில் முடித்தார்கள். பிறகு கர்நாடகத்தின் பாவகடாவும் ராஜஸ்தானின் பத்லாவும் 2,000 மெகாவாட்டைத் தாண்டிப் போய்விட்டன. வேலிக்கு வெளியேதான் நிற்க முடியும். பேனல் மேல் தூசி துடைக்க ரோபோ ஓடுகிறது என்று படித்தது கண்ணில் படவில்லை.

பார்க்க வேண்டியதை அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு கத்தரித் தோட்டத்தில் பார்த்தேன். போர்வெல் பக்கத்தில் ஒரு சட்டத்தில் பேனல்கள், கீழே ஒரு பெட்டி, மோட்டார். பேட்டரி கிடையாது. இலவச விவசாயக் கரண்டுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போய், அரசு மானியத்தில் இதைப் போட்டாராம் தோட்டக்காரர்.

"தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். அந்த வெயிலில் பேனல் 60 டிகிரிக்குக் குறையாது. இதில் ஒரு முரண் இருக்கிறது. பேனலுக்கு வெளிச்சம்தான் தேவை, சூடு பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீத உற்பத்தி குறையும். அறுபதில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. ராமநாதபுரத்து வெயில் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, பேனலுக்குத் தொல்லை.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். குழாயில் கை தடிமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேற்கேயிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. தண்ணீர் மெலிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் அளவு, பிறகு சொட்டு. வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த நுனி அப்படியே மண்ணில் உறிஞ்சிக்கொண்டது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மேகம் விலகியதும் குழாய் இருமியது, காற்றைக் கக்கியது, மறுபடி தண்ணீர்.

"எரிச்சலா இருக்காதாண்ணே?"

"எதுக்கு? தொட்டி கட்டிப்புட்டேன்ல. வர்றப்ப ரொப்பிக்கிருவேன். பாய்ச்சுறது என் இஷ்டம்."

திங்கட்கிழமைக் கேள்விக்கு விடை இவர் தோட்டத்திலேயே கிடந்தது. கரண்டை வைத்துக்கொள்ளச் சிரமம். தண்ணீரை வைத்துக்கொள்ளலாம்.

சனி, உடுமலை, ஆழியாறு

நேற்று முழுக்க பஸ். மதுரை, பழனி, உடுமலை. ஒட்டன்சத்திரத்தில் சாப்பிட்ட பிரியாணியைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

உடுமலை, பூளவாடி, குடிமங்கலம் பக்கம் தென்னந்தோப்புக்கு மேலே காத்தாடிகள் தலை நீட்டுகின்றன. இது பாலக்காட்டு வாசல் வழியே வரும் காற்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஆழியாறு வந்து சேர்ந்தேன்.

ஆழியாறில் ஒரு பெரியவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கடம்பாறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடம்பாறை மின்நிலையத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. அது மலைக்குள்ளே குடைந்த குகையில் இருக்கிறது. அதனால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லக் கேட்டேன்.

"மேல ஒரு டேமுங்க, கடம்பாறை. கீழ ஒண்ணு, மேல் ஆழியாறு. நடுவுல மலைக்குள்ள நாலு மெஷினு, ஒவ்வொண்ணும் நூறு மெகாவாட்டு. சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டப் போடுறப்ப மேல இருந்து தண்ணியத் தொறந்து விடுவோம். மெஷினு சுத்தும், கரண்டு வரும். ராத்திரி ஊரு தூங்குனதுக்கப்பறம், அதே மெஷின எதுப்பக்கமாச் சுத்த வெச்சுக் கீழ இருக்கற தண்ணிய மேல ஏத்திப் போடுவோம்."

"அதே மெஷினேவா?"

"அதேதானுங்க. ஒரு பக்கம் சுத்துனா டர்பைனு, மறுபக்கம் சுத்துனா பம்பு."

1987 முதல் 1989-க்குள் ஓடத் தொடங்கிய நிலையம். கட்டியபோது இருந்த யோசனை, ராத்திரியில் அனல் மின்நிலையங்களை அணைத்து அணைத்துப் போட முடியாது, அந்த மிச்சக் கரண்டை மேலே ஏற்றி வைப்போம் என்பது. இன்று மிச்சம் பிறக்கும் நேரம் மாறிவிட்டது. நடுப்பகலில் கமுதியும் மற்ற சோலார்களும் கொட்டுகின்றன. ஆடியில் காத்தாடியும் சேர்ந்துகொள்ளும். வாங்க ஆளில்லாவிட்டால், "நிறுத்து" என்று மேலிருந்து போன் வரும், அடிக்கிற காற்றில் காத்தாடி சும்மா நிற்கும். அதே நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு சோலார் பூஜ்யம், ஊருக்கோ அப்போதுதான் கரண்டு அதிகம் வேண்டும்.

நஷ்டம் இல்லையா என்று கேட்டேன். பெரியவர் விரலை மடக்கினார். "நாலு யூனிட்டக் குடுத்து ஏத்துனா மூணு யூனிட்டுத் திரும்பி வரும். ஒண்ணு போகட்டுமுங்க. இல்லாட்டி நாலும் போகுது."

சித்தப்பா சொன்ன நெல் குதிர் கடைசியில் இந்த மலைக்குள்தான் கிடைத்தது. ஆனால் 400 மெகாவாட்தான். எங்கும் இதைக் கட்டவும் முடியாது. மேலும் கீழுமாக இரண்டு ஏரி, நடுவில் நல்ல சரிவு, உறுதியான பாறை, எல்லாம் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அப்படி அமையும் இடமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குள்தான் இருக்கிறது. அங்கே யானைக்கும் வரையாட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பேட்டரி விலை வருஷா வருஷம் இறங்குகிறது, அது இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். ஆடிக் காற்றை மார்கழிக்கு எடுத்து வைக்க மட்டும் மலையாலும் ஆகாது, பேட்டரியாலும் ஆகாது.

பெரியவர் வீட்டம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். "சாப்புட்டுப் போங்க கண்ணு" என்றதை மறுக்க முடியவில்லை. கொள்ளுப்பருப்பு, களி.

ஞாயிறு, பைக்காரா

ஊட்டியில் இருந்து கூடலூர் போகும் ரோட்டில் மழையோடு மழையாக வந்து சேர்ந்தேன். படகுத்துறையில் கூட்டம், சோளம் வறுவல். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஆறு கரண்டு கொடுக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1932-ல் பைக்காரா ஓடத் தொடங்கியது. மேட்டுநிலத்தின் விளிம்பில் கிளன்மார்கன். அங்கிருந்து இரும்புக் குழாய்களில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் கீழே விழுந்து, மசினகுடி பக்கத்து சிங்காராவில் சக்கரத்தை அடிக்கிறது. உலகத்தில் அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கிய நிலையங்கள் அப்போது மிகச் சில. இத்தனை உயரம் கிடைத்தால் அதிகத் தண்ணீர் தேவையில்லை. ஒரு சின்ன வாய் வழியே பீறிடும் தாரை, கிண்ணம் கிண்ணமாகச் செய்த பெல்டன் சக்கரத்தில் படும், அவ்வளவுதான். மேட்டூர் இதற்கு நேர் எதிர். அங்கே உயரம் குறைவு, தண்ணீர் ஏராளம்.

இந்தக் கரண்டு கோவைக்கு இறங்கியதும் அங்கே மில்கள் வரிசையாக முளைத்தன. அந்த மில்காரர்களின் அடுத்த தலைமுறைதான் முப்பந்தலில் காத்தாடி வாங்கியது. இப்படிப் பார்த்தால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்குப் பைக்காரா ஒரு வகையில் பாட்டி முறை. ஆனால் சட்டக் கணக்கில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களைப் புதுப்பிக்கத்தக்கவை என்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2019 மார்ச்சில்தான்.

இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் குந்தா. அங்கே போர்த்திமந்து ஏரியை மேல்தொட்டியாகவும், அவலாஞ்சி-எமரால்டு ஏரியைக் கீழ்தொட்டியாகவும் வைத்து, கடம்பாறை மாதிரியே 500 மெகாவாட் நிலையம். இரண்டு ஏரியும் ஏற்கெனவே இருப்பவை, புதிதாக அணை வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த ஒன்றின் மேல் நம்பிக்கை அதிகம். வேலை பல வருஷமாக இழுக்கிறது. எமரால்டு பஸ் காலையில்தான் என்றார்கள். மழை விட்டால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.